மீட்டர் இல்லாதவர் கட்டும் கரண்ட் பில்

(சிறுதொழிலும் மின்கட்டணமும் – 6)

போன வாரம் கோவைப் பட்டறைகளைப் பார்த்தோம். அங்கே கட்டண உயர்வு ரசீதிலேயே வந்து நின்றது. பட்டறைக்காரர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கக் கதவடைப்பு நடத்தினார்கள். சிறு தொழில்களுக்கான உச்சநேரக் கூடுதல் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. ரசீது வைத்திருப்பவருக்குக் கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. ரசீதே வராமல் கட்டணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க சென்னை லூப் ரோட்டுக்குப் போக வேண்டும்.

கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் நொச்சிக்குப்பம். இருட்டோடு கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் காலையில் கரையேறும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, நண்டு என்று வலையில் வந்தது அப்படியே விற்பனைக்கு வரும். மீன் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2023 ஏப்ரலில் சாலையோரக் கடைகளை மாநகராட்சி அகற்றியது. குப்பமே சாலையில் உட்கார்ந்து போராடியது. பிறகு ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி எழுந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கூரை வந்தது, தண்ணீர் வந்தது, கழிவுநீர் போக வழி வந்தது.

ஐஸ் மட்டும் பழையபடி வெளியிலிருந்துதான் வருகிறது.

காலை மீனுக்கு ஐஸ் அவ்வளவாகத் தேவையில்லை. வெயில் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும் பாடு. விற்காமல் தங்கிய மீனும், காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கொண்டுவந்த வஞ்சிரமும் சாயங்காலக் கூட்டம் வரும்வரை கெடாமல் இருந்தாக வேண்டும். ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றி, கட்டையால் அடித்துத் தூளாக்கி, தெர்மோகோல் பெட்டியில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று அடுக்குவார்கள். சென்னை மே மாதத்தில் அது கரைகிற வேகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். பெட்டியின் ஓட்டை வழியே ஓடுவது அவர்கள் போட்ட முதல். அந்த முதல் பலருக்குத் தண்டலில் வாங்கிய காசு. வாங்க வருகிறவரோ முதலில் கேட்பது, "ஐஸ் மீனாக்கா?" என்றுதான்.

ஒரு பார் ஐஸுக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? ஆலையில் தகர அச்சுகளில் தண்ணீரை ஊற்றி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். அமோனியா கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். பார் முழுக்க இறுகக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் 50 கிலோ பாருக்குத் தோராயமாக 3 முதல் 4 யூனிட் செலவாகும். தண்ணீரும் கூலியும் போக, ஐஸின் விலை என்பது பெருமளவு மின்சாரத்தின் விலைதான். காலை 6 முதல் 10 வரை, மாலை 6 முதல் 10 வரை உச்சநேரம் என்கிறது மின் வாரியம். தையல் மெஷினை அந்த நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். உறைந்துகொண்டிருக்கும் தொட்டியை நிறுத்தி வைக்க முடியாது.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் உயர்ந்தது. தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு யூனிட் 6.35 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், 50 கிலோவாட் வரை 75 ஆகவும், அதைத் தாண்டி 112 வரை 150 ஆகவும் ஏறியது. அதன்பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து உயர்வு: 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். படகு போகாவிட்டால் அவற்றை நம்பியிருக்கும் ஆலைகளில் ஐஸ் கேட்க ஆளில்லை. நிலைக்கட்டணத்துக்குத் தடைக்காலம் கிடையாது. ஆலைக்காரர் இதையெல்லாம் பார் விலையில்தான் ஏற்ற முடியும். மீன்காரர் எதில் ஏற்றுவார்? கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னால் வந்தவர் அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், கைத்தறிக்கு 300. புதிதாகத் தொடங்கும் குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீத மானியம். 2025 உயர்வில் வீடுகளோடு சிறு வணிக இணைப்புகளையும் அரசு காப்பாற்றியது. படகுகளுக்கு மானிய மண்ணெண்ணெயும் வரிவிலக்கு டீசலும் உண்டு. ஆனால் இவை எல்லாம் ஓர் இணைப்பு எண்ணையோ படகுப் பதிவையோ தேடித்தான் போகின்றன. ஐஸ் வாங்கும் அக்காவிடம் இரண்டும் இல்லை. மயிலாப்பூர் சந்துகளில் வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில், அவர் சொன்ன விலைக்குக் கரண்ட் வாங்கும் டிபன் கடைக்காரரின் கதையும் இதேதான்.

பிரிட்டனில் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்தார்கள். உக்ரைன் போரால் எரிசக்தி விலை எகிறியபோது, 2022 அக்டோபர் முதல் ஆறு மாதம் சிறு கடைகள் உட்பட எல்லா வணிக இணைப்புகளுக்கும் அரசு விலைச் சலுகை கொடுத்தது. கூடவே ஒரு விதியும் போட்டது: இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால், கிடைத்த சலுகையில் நியாயமான பங்கை வாடகைதாரருக்கு அவர் கடத்தியே ஆக வேண்டும். நம் மானிய அறிவிப்புகளில் இப்படி ஒரு வரியைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. வாடகைக் கடைகளுக்காவது அது உடனே உதவும்.

ஐஸுக்கு வழி வேறு. 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம், ஐஸ் ஆலை அமைக்கப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் தருகிறது. 10 டன் ஆலைக்குத் திட்ட மதிப்பு 40 லட்சம். இது கட்டுவதற்கான பணம். ஓட்டுவதற்கான கரண்டுக்கு அதில் ஒன்றுமில்லை. பக்கத்து ஆந்திரம் தகுதியுள்ள மீன், இறால் பண்ணைகளுக்கு யூனிட் 1.50 ரூபாய்க்குக் கொடுத்து வருகிறது. லூப் ரோட்டுப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு சிறிய ஆலையை எடுத்து நடத்தினால், அந்த ஒற்றை மீட்டருக்கு மட்டும் சலுகைக் கட்டணம் கொடுத்தால் போதும். 366 கடைக்கும் போய்ச் சேரும். அங்காடியைக் கட்டிய மாநகராட்சியும், மீன்வளத் துறையும், மின் வாரியமும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. அடுத்த ஜூலை உயர்வுக்கு முன்னால் அவர்கள் உட்கார வேண்டும்.

(தொடரும். அடுத்த வாரம்: பல்லடம் விசைத்தறிகள்)