ரசிகர்கள் குடிபெயரும்போது: பிரதி, பேச்சு, இடம்

'ஒரு டீக்கடையை மூடிட்டா பக்கத்துக் கடைக்குப் போறோம். இதுல என்னய்யா பெரிய துக்கம்?'

இணையத்தில் ரசிகர் கூட்டங்கள் ஒரு தளத்தைவிட்டு இன்னொரு தளத்துக்கு இடம்பெயர்வது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் கடை மாறினால் பெஞ்சு போட்டிருக்கும் விதம் மாறுகிறது. யார் யாருக்கு எதிரே உட்காரலாம் என்பது மாறுகிறது. அதனால் பேச்சும் மாறுகிறது. ஊடகம் என்பது வெறும் பாத்திரம் அல்ல என்று நாம் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறோம். அதை ஒரு குறிப்பிட்ட வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ரசிகர் என்றதும் நமக்குக் கட்அவுட்டும் பாலாபிஷேகமும்தான் ஞாபகம் வரும். நான் பேசவருவது வேறு வகை. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் ரசிகர்கள், அதன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தாங்களே கதை எழுத ஆரம்பித்தார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1967இல் 'ஸ்பாக்கனாலியா' என்ற இதழ் வந்தது. அதைத் தொடர்ந்து எத்தனையோ இதழ்கள். சைக்ளோஸ்டைல் பிரதிகள், தபால் விநியோகம், போட்ட காசு திரும்பினால் போதும் என்ற கணக்கு, வாசகர் கடிதங்கள். சிறுபத்திரிகை படிக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1992இல் ஹென்றி ஜென்கின்ஸ், மிஷெல் தெ செர்த்தோவின் கருத்தாக்கத்தை எடுத்தாண்டு, இந்த ரசிகர்களைப் பிரதிக்குள் திருட்டு வேட்டையாடுகிறவர்கள் என்று வர்ணித்தார். அடுத்தவர் நிலத்தில் புகுந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் வாசிப்பு. சரி. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கேள்வி: வேட்டையாடியதைக் கூடி உட்கார்ந்து பகிர்ந்துகொள்கிறார்களே, அந்த இடம் யாருடைய நிலம்?

2000களின் தொடக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதிய இந்த ரசிகர்களில் பலருக்கு அந்த இடம், 1999இல் தொடங்கிய 'லைவ்ஜர்னல்'. அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்குறிப்புப் பக்கம். எழுதியதை எல்லோருக்கும் காட்டலாம், நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டியும் வைக்கலாம். பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று ஒரே இடத்தில் கிளை கிளையாகப் பேச்சு வளரும். கதையும் இருக்கும், கதையை எழுதியவளுக்கு நேற்று ஜுரம் என்பதும் இருக்கும். புனைபெயரில்தான் புழங்கினார்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தெரியாமல் எழுதுகிறவர்களுக்கு அது ஒளிவுமறைவு அல்ல, பாதுகாப்பு. சொந்தப் பெயரை வற்புறுத்திய ஃபேஸ்புக் பலருக்கு மாற்று வீடாக முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

2007 மே மாதக் கடைசியில் லைவ்ஜர்னல் நிறுவனம், வெளியிலிருந்து வந்த புகார்களுக்குப் பயந்து, சுமார் 500 பக்கங்களை ஒரே வீச்சில் முடக்கியது. பக்கத்தில் குறித்திருந்த விருப்பச் சொற்களே ஆதாரம். புனைவு எது, வாக்குமூலம் எது என்ற வித்தியாசம் பார்க்கப்படவில்லை. நபக்கோவின் 'லோலிட்டா'வை விவாதித்த குழுவும் மாட்டிக்கொண்டது. முடக்கப்பட்டவர்களின் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது. ரசிகர்கள் அந்தச் சம்பவத்தையே 'கோடடிப்பு' என்ற பொருளில் அழைக்கலானார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பல பக்கங்கள் திரும்பிவந்தன. ஆனால் நிலம் யாருடையது என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பே, ரசிகர்களின் எழுத்தை வைத்துக் காசு பண்ண வந்த ஒரு நிறுவனத்துக்கு எதிர்வினையாக, நமக்கென்று சொந்தமாக ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும் என்ற யோசனை எழுந்திருந்தது. வர்ஜினியா வுல்ஃபின் 'தனக்கென ஓர் அறை'யை நினைவூட்டும் பெயரோடு. 2009இல் அது 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடை, சொந்தச் சர்வர்கள், தன்னார்வலர் உழைப்பு. இன்று 1 கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. 2019இல் ஹ்யூகோ விருதும் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனைதான்.

ஆனால் காப்பகம் காப்பாற்றியது பிரதியை. பேச்சு அங்கே குடியேறவில்லை. பேச்சு 'டம்ளர்' தளத்துக்குப் போனது. அதன் கட்டமைப்பே வேறு. அங்கே ஒருவர் போட்டதை இன்னொருவர் தன் பக்கத்தில் மறுபதிவு செய்வார். கிளைவிட்டு வளரும் உரையாடலுக்கு வசதி குறைவு. அடையாளச் சொற்கள் எழுதும் இடத்தில் முணுமுணுப்பதுபோலத் தங்கள் கருத்தை எழுதும் ஒரு மொழியை ரசிகர்களே உண்டாக்கினார்கள். அதிகாரம் வகுத்த இடத்துக்குள் சொந்தத் தந்திரம் கண்டுபிடிப்பது என்று தெ செர்த்தோ சொன்னது இதைத்தான். 2018 டிசம்பர் 17 முதல் அங்கும் பாலியல் உள்ளடக்கத்துக்குத் தடை வந்தது. மறுபடி மூட்டை கட்டல். இப்போது நிறையப் பேச்சு 'டிஸ்கார்ட்' போன்ற மூடிய அறைகளில் நடக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குக் கதகதப்பு. புதிதாக வருகிறவருக்குக் கதவு எங்கே என்றே தெரியாது.

ஆக, ஒவ்வொரு இடப்பெயர்விலும் மூன்று நடக்கின்றன. ஒரு பகுதி ஆட்கள் வந்துசேர்வதில்லை. வந்தவர்களும் அதே மாதிரி பேச முடிவதில்லை. பழைய பேச்சுக்கு மௌனம் விதிக்கப்படுகிறது. யாகூ குழுமங்களில் பல வருஷங்களாகச் சேர்ந்திருந்த கடிதங்களை அழிக்கப்போவதாக 2019இல் அறிவிப்பு வந்தபோது, ரசிகர்கள் ராப்பகலாக உட்கார்ந்து பிரதியெடுத்தார்கள். எடுக்க முடிந்ததுதான் மிச்சம்.

இனி நண்பரின் டீக்கடை. கடையை மூடினால் நாம் பேசிய பேச்சைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போவதில்லை. நண்பர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். புனைபெயரில் பத்து வருஷம் பழகியவளுக்கு அந்தப் பெயர்தான் முகம், முகவரி எல்லாம். கோடு விழுந்தால் ஆள் காலி. செத்தாளா, சலித்துப்போனாளா என்றுகூடத் தெரியாது.

இதெல்லாம் யாரோ அமெரிக்கப் பெண்களின் கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பழைய சிறுபத்திரிகை ஒன்றைப் புரட்டினால், முப்பது வருஷத்துக்கு முந்தைய சண்டை வாசகர் கடிதப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கடைசியில் எழுதியவரின் ஊர்ப்பெயரும் இருக்கிறது. சென்ற பத்து வருஷங்களில் நாம் ஃபேஸ்புக்கில் போட்ட சண்டைகள் எங்கே? அந்த ரசிகர்களாவது கதைக்கு ஒரு வீடு கட்டினார்கள். பேச்சுக்கு வீடு கட்ட அவர்களாலும் முடியவில்லை, நாம் முயலவே இல்லை. விவாதிக்க வேண்டிய விஷயம் இது. கடிதமாகவே எழுதுங்கள்.