தொப்புள்கொடி உள்ள மீன்

தாய்ப்பால் ஊறும் என்ற நம்பிக்கையில் பிள்ளை பெற்ற வீட்டில் சுறா புட்டு செய்து கொடுப்பது அம்பத்தூர், ஆவடி பக்கத்திலும் இன்றுவரை விட்டுப்போகாத வழக்கம். கடல் இங்கிருந்து தொலைவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் கடைகளுக்குக் காசிமேட்டுச் சுறா வந்துவிடுகிறது. “பால் சுறாதானே?” என்று கேட்டால், “ஆமாம்மா, பால் சுறாதான்” என்று பதில் வரும். ஆனால் அந்தக் கூடையில் இரண்டு மூன்று இனங்கள் கலந்து கிடக்கலாம். பிறப்பிலும் வளர்ச்சியிலும் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை.

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. கையளவோடு நின்றுவிடும் ஆழ்கடல் சுறாவும், 12 மீட்டரைத் தாண்டும் திமிங்கலச் சுறாவும் அவற்றில் அடக்கம். எல்லாவற்றுக்கும் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. என்னை வியக்க வைப்பது அவை பிறக்கும் விதம். மூங்கில் சுறா தோல்பை போன்ற கூட்டுக்குள் முட்டையிட்டுக் கடலடியில் விட்டுவிடும். புலிச் சுறாவின் குட்டிகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டையிலிருந்து வெளிவந்து வளரும். நம் சந்தைக்கு வரும் தட்டை மூக்குச் சிறு சுறாவோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். குட்டியை வளர்க்கும் அளவுக்கு அதில் கரு உணவு கிடையாது. அதனால் நஞ்சுக்கொடி உருவாகி, ஒவ்வொரு குட்டியும் தொப்புள்கொடி வழியே தாயிடமிருந்து உணவைப் பெறுகிறது. பால் சுறாவும் இப்படித்தான் குட்டி போடும். ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். ஒரு மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதை நினைத்துப் பார்த்தால், சுறாவைப் பிடித்த இடம் ஏன் சீக்கிரம் நிரம்புவதில்லை என்பது விளங்கும்.

இப்போது கூடையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள மூன்று சுறாக்களை எடுத்து வரிசையாக வையுங்கள். தட்டை மூக்குச் சுறா என்றால், அது முழு வளர்ச்சி அடைந்தது. ஏற்கெனவே குட்டி போட்டிருக்கவும் கூடும். பால் சுறா என்றால், இப்போதுதான் பருவத்தை எட்டிக்கொண்டிருக்கிறது. அகன்ற தலையுள்ள கொம்பன் சுறா என்றால், அது பிறந்து அதிக காலம் ஆகாத குட்டி. முதல் ஈற்றுக்கு அது இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்தாக வேண்டும். கொம்பனில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. தலையையும் துடுப்பையும் அரிந்து தோலை உரித்துவிட்டால் இந்த மூன்றும் ஒரே வெள்ளைத் துண்டுகள்தான். பிறகு மரபணுச் சோதனை செய்தால்தான் எது எது என்று தெரியும்.

பாண்டிச்சேரி சுறாவின் கதையிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒரு மீட்டர் அளவே வளரும் அந்தச் சுறாவை 1839இல் ஜெர்மானிய அறிஞர்கள் முல்லரும் ஹென்லேயும் பாண்டிச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்தார்கள். 1979க்குப் பிறகு நம்பத்தக்க பதிவுகள் மிக அரிது. 2001இல் வேளா மீன், கங்கைச் சுறா, திமிங்கலச் சுறா ஆகியவற்றோடு அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. சட்டம் தேவைதான். ஆனால் சிறிய உடலோடு மற்ற சுறாக்களின் சாயலில் இருக்கும் மீன், வேறு மீனுக்கு விரித்த இழுவை மடியில் ஏறிவிட்டால் யார் அதைப் பிரித்துப் பார்ப்பது?

துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015இல் தடைசெய்தது. பால் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2022இல் பனாமா மாநாடு முடிவெடுத்தது. இவை இரண்டும் நாட்டை விட்டு வெளியே போவதைக் கட்டுப்படுத்தும். உள்ளூர்ச் சந்தையைத் தொடாது. 1970 முதல் 2018 வரை பெருங்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்ததாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

புட்டுக்கே வருவோம். சுறா சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. மாறாக, பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. புட்டு கட்டாயம் வேண்டுமென்றால் மத்தியிலும் செய்யலாம். அதில் சத்துக்குக் குறைவில்லை. சுறாதான் வேண்டும் என்பவர்கள் வெட்டிய துண்டை வாங்காமல் தலையோடு காட்டச் சொல்லிக் கேட்கலாம். கொம்பன் குட்டியை அடையாளம் காண நிபுணர் தேவையில்லை. அகன்று இருபுறமும் நீண்ட தலை, அதன் இரு முனைகளில் கண்கள்.