கோபார் குறிப்புகள் – 9: திரைக்குள் படிந்த புகை

நாற்பது நாள் விடுப்பில் ஊருக்குப் போய், அம்மன் கோயில் கொடையையும் தங்கை மகள் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு, ஆகஸ்டு மாதக் கடைசியில் அல் கோபாருக்குத் திரும்பி, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, முதலில் ஏ.ஸி.யையும் அடுத்தபடியாகக் கம்ப்யூட்டரையும் போட்ட எனக்கு, அதன் வெண்திரையின் இடது கீழ்மூலையில், யாரோ ஊதுவத்தியைக் கிட்டே பிடித்துவிட்டுப் போனாற்போல் சாம்பல் நிறப் படலம் ஒன்று காட்சி தந்தது. துடைத்தேன். மூக்குக் கண்ணாடிக்குரிய துணியால் துடைத்தேன். காய்ச்சி வடித்த நீரைத் துணியில் தெளித்து மீண்டும் துடைத்தேன். சுற்றிலும் திரை பளபளத்ததே தவிர, அந்தப் புகை இருந்த இடத்தில் இருந்தது. சுற்றுப்புறம் சுத்தமானதால் முன்னிலும் ஸ்பஷ்டமாகத் தெரிந்தது என்பதே என் பிரயாசையின் பலன்.

துணியை வைத்துவிட்டு, மாசு எவ்விடத்தில் இருக்கிறது என்று நிர்ணயம் செய்யும் வேலையில் இறங்கினேன். திரையில் தெரிவதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட்டாக எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தபோது, அதில் புகை இல்லை. ஆகவே கோளாறு படத்தில் அன்று, திரையிலேதான் என்பது உறுதியாயிற்று. பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, அறை விளக்கையும் அணைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். மேற்கண்ணாடியில் கறை இருந்திருந்தால் அந்தச் சாய்வொளியில் அது தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் கறுத்த கண்ணாடியில் என் முகத்தின் பிரதிபிம்பத்தைத் தவிர வேறொன்றும் காணோம். மறுபடியும் திரையை ஏற்றி, மவுஸ் அம்பைப் புகையின் விளிம்பில் நிறுத்தி, தலையை இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்ததில், அம்பு ஓரிடத்தில் நிற்க, புகை மட்டும் மயிரிழை அளவு விலகி விலகி நகர்ந்தது. படத்தை உண்டாக்கும் தளத்திற்குப் பின்னால், வேறோர் ஆழத்தில் அது இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாக்ஷி வேண்டியதில்லை. செத்துப்போன பிக்ஸல் என்றால் ஊசிமுனைச் சதுரமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். இதுவோ ஓரமில்லாமல் கரைந்தது. விளக்கு எரியும்போது மட்டும் நிழலாக எழுந்து, அணைந்தவுடன் மறையும் இத்தகைய மாசு, திரையின் பின்னொளித் தாள்களுக்கிடையே படிந்த தூசியே அன்றி வேறில்லை.

இவ்விடத்தில் அந்தத் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாம் திரை என்று ஒருமையில் சொல்வது உண்மையில் ஓர் அடுக்கு. அடியில் வெண்ணிறப் பிரதிபலிப்புத் தாள். அதன்மேல், ஓரத்து விளக்குகளின் ஒளியை வாங்கித் திரை முழுவதும் பரப்பும் அக்ரிலிக் பலகை. அதற்கு மேல் ஒளியைச் சமமாகச் சிதறடிக்கும் தாள்களும், நுண்ணிய வரிகளால் அதை முன்னோக்கித் திருப்பும் தாளும். இவற்றிற்கெல்லாம் மேலேதான், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரான் கனமே உள்ள திரவப் படிகமும், அதன் இருபுறமும் ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் படலங்களும். திரவப் படிகத்தை 1888-ல் முதன்முதல் கவனித்தவர் ரெய்னிட்ஸர் என்ற ஆஸ்திரிய தாவர சாஸ்திரி என்பதைப் பலரும் அறிவார்கள். பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977-ல் எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், கோல் வடிவ மூலக்கூறுகள் மட்டுமல்ல, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்ததை நம்மவரிலேயே பலர் அறியார். நோபல் பரிசு பெற்ற வானியல் சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது, சர் சி. வி. ராமன் அவருக்குச் சித்தப்பா, இவருக்குத் தாய்மாமன். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறித் தெரியும் தோஷத்தைப் பழைய தட்டைத் திரைகளில் குறைத்த படலம், இந்தத் தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்டே ஜப்பானில் செய்யப்பட்டது.

இத்தனை நேர்த்தியான அடுக்கிற்குள் தூசி எப்படிப் புகுந்தது என்று கேட்பவர்கள் கோபாரில் ஒரு கோடைகாலம் இருந்து பார்க்கவேண்டும். வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று, பூட்டிய ஜன்னலுக்குள்ளும் மாவு போன்ற மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும். கிழக்கே கடல், அதன் ஈரத்தைக் கொடுக்கும். 1938-ல் ஏழாம் நம்பர் கிணற்றில் எண்ணெய் கண்ட தஹ்ரான், எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் இருப்பது. அங்கே 2003 ஜூலை 8-ஆம் தேதி காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 35 பாகை செல்சியஸை எட்டியது. உலகப் பதிவுகளிலேயே மிக உயர்ந்ததாக அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். சென்னையின் சித்திரைப் புழுக்கத்தில்கூட அது 25, 26-ஐ ஒட்டியே நிற்கும். ஈரம் தூசியை ஒட்டவைக்க, திரைக்குப் பின்னாலேயே கம்ப்யூட்டரையும் அடைத்துவைத்த என்னுடையதைப் போன்ற இயந்திரத்தில் மின்விசிறி காற்றை உள்ளே இழுக்க, அடுக்கின் ஓரத்து மெல்லிய சந்துகள் வழியே புகை படிகிறது.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"ஏன் பாய், நாற்பது நாளில் இவ்வளவு படியுமா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, "நாப்பது நாள்ல வந்ததில்ல சார் இது. மூணு வருஷமா வந்துகிட்டே இருந்திருக்கு. ஊருக்குப் போய்ட்டு வந்ததால உங்க கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்குத் தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்து, முன்கண்ணாடியைச் சுற்றிய ஒட்டுநாடாவைப் பிளாஸ்டிக் சக்கரத்தால் அறுத்தார். வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் குளியலறை. வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி தூசியை இழுத்துக்கொண்டு தரையில் அமர்ந்த பிற்பாடு, கையுறையோடு உள்ளே போனார். கண்ணாடியின் ஓரத்தில் தொங்கும் ஃபிலிம் போன்ற நாடாக்கள் கிழிந்தால் திரை குப்பைக்குத்தான் என்பதால் அங்கே அவர் மூச்சையே அடக்கினார். தாள்களை எடுத்த வரிசையிலேயே, காது போன்ற நுனிகளின் திசையையும் குறித்து அடுக்கி, ரப்பர் பந்தால் ஊதியதோடு சரி. திரவம் எதையும் தொடவிடவில்லை, ஏனெனில் வரித்தாளில் விழும் கீறல் தூசியைவிட மோசமான நிழலைக் கொடுக்கும்.

புது ஒட்டுநாடாவோடு சேர்த்து நூற்றைம்பது ரியால் ஆயிற்று. வீட்டில் தாமாகத் திறக்க எண்ணும் வாசகர்களுக்கு என் அபிப்பிராயம், வேண்டாம் என்பதே. திரைக்குள் சிறு பூச்சி ஊர்வதைக் கண்டால் விரலால் அழுத்தவும் வேண்டாம். நசுங்கியது அங்கேயே ஒட்டிக்கொள்ளும், விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

(தொடரும்)