கல்வெட்டு சொல்லும் பள்ளிக்கூடம்!



விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால், இரண்டாவதாக வரும் நிலையம் திருவொற்றியூர் தேரடி. அங்கே இறங்கினால் தியாகராஜ சுவாமி கோவிலுக்குப் போய்விடலாம். மாசித் திருவிழாவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அந்தக் கோவிலில் ஒரு காலத்தில் பாடம் நடந்தது தெரியுமா?

சோழர் காலத்தில் அங்கே 'வியாகரணதான மண்டபம்' ஒன்று இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. வியாகரணம் என்றால் இலக்கணம். பாணினி இயற்றிய வடமொழி இலக்கணத்தை அங்கே கற்பித்தனர்.

சரி, அந்தக் காலத்து மாணவர்கள் எங்கே தங்கினார்கள்? யார் சோறு போட்டார்கள்? காய்ச்சல் வந்தால் என்ன செய்தார்கள்? இதற்கெல்லாம் பதில், இன்னொரு ஊர்க் கோவில் சுவரில் இருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்!

மூன்று ஆறுகள் கூடும் ஊர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறு, செய்யாறு, வேகவதி என மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோவில் சுவரில் மிக நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்தது அது. இவர் யார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் பேரன்!

அந்தக் கோவிலில் ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், மருத்துவமனையும் நடந்தன. வேதம், இலக்கணம் ஆகியவை பாடங்கள். வேதத்தை ஏட்டைப் பார்த்துப் படிக்க மாட்டார்கள். ஆசிரியர் சொல்ல, மாணவர் காதால் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும்.

விடுதியில் சுமார் 60 பேருக்குச் சாப்பாடு. படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கெண்ணெய் எல்லாம் கொடுத்தனர். சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல்! தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் செலவுக் கணக்கில் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் கொள்ள அடம்பிடிக்கும் குட்டீஸ் கவனிக்க!

15 படுக்கை மருத்துவமனை

உடம்பு சரியில்லாமல் போனால்? அதற்குத்தான் 'வீரசோழன்' என்ற பெயரில் மருத்துவமனை. மாணவர்களுக்கும் கோவில் பணியாளர்களுக்கும் 15 படுக்கைகள் இருந்தன. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்துக் கொள்ளப் பெண்கள் என்று தனித்தனியாக ஆட்கள் இருந்தனர். ஓராண்டுக்குத் தேவையான சுமார் 20 வகை மருந்துகளின் பெயர்களும் அந்தக் கல்லில் இருக்கின்றன. கடுக்காய் சேர்ந்தவை, எண்ணெய்கள், நெய்கள் என்று பட்டியல் நீள்கிறது.

இதைவிடப் பெரிய பள்ளியும் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில், வீரராஜேந்திரனின் தந்தை முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், 340 பேர் படித்தனர். கீழ் வகுப்பில் 270 பேர், மேல் வகுப்பில் 70 பேர். கீழ் வகுப்பு மாணவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல். மேல் வகுப்பு மாணவருக்கு 10 நாழி!

வெளியே நின்றவர்கள்

கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நெல்லை விளைவித்தவர் யார்? உழவர்கள்! அவர்கள் கட்டிய வரியில் கோவிலும் பள்ளியும் நடந்தன. ஆனால், அவர்களுடைய பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார முடியாது. வேதம் படிக்க ஒரு பிரிவினரின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி. உழவர், குயவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே இல்லை. பெண் குழந்தைகளும் இல்லை.

பாய், சோறு, விளக்கு, மருந்து என எல்லாவற்றையும் யோசித்தவர்கள், கதவை எல்லோருக்கும் திறந்து வைக்கவில்லை. அந்தக் கதவு திறக்கப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

1920ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பசியால் பிள்ளைகள் படிப்பை நிறுத்தக் கூடாது என்பதே நோக்கம். நீங்கள் ஏறும் அதே மெட்ரோ வழியில் 'தியாகராயா கல்லூரி' நிலையம் வருகிறதே... அது இவர் பெயர் தாங்கிய கல்லூரிதான்! 1956ல் முதல்வர் காமராஜர் மதிய உணவைத் தமிழகம் எங்கும் கொண்டு சென்றார். 2022ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆறு முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்ற சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அன்று 60 பேருக்குக் கிடைத்த சோறும் பாடமும், இன்று எல்லோருக்கும் உரிமை. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் வேலைக்குப் போகும் நண்பன் யாராவது இருந்தால், உங்கள் ஆசிரியரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது, சுவரில் உள்ள எழுத்துகளை நின்று பாருங்கள் குட்டீஸ்! அவற்றின் மேல் சுண்ணாம்போ, உங்கள் பெயரோ வேண்டாம். அந்தக் கற்கள் பேசியதால்தானே, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பள்ளியின் எண்ணெய்க் கணக்குகூட நமக்குத் தெரிந்தது!