காகிதக் கட்டிலிருந்து கணிப்பொறிக்கு

உழவர் நெல்லை விளைவிக்கிறார். நெசவாளர் துணியை நெய்கிறார். தச்சர் மேசையும் நாற்காலியும் செய்கிறார். வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்தும் தணிக்கையாளரின் அலுவலகத்திலிருந்தும் வெளியே வரும் பொருள் எது? சற்றுச் சிந்தித்தால் அது காகிதமே என்பது விளங்கும். மனு, ஒப்பந்தம், தணிக்கை அறிக்கை, வருமான வரிப் படிவம் ஆகியவையே இவர்களுடைய விளைபொருள்கள். பத்திரம், ரசீது, கணக்குப் புத்தகம், கடிதம் ஆகியவையே இவர்களுடைய மூலப்பொருள்கள். அறிவையே தொழிலாகக் கொண்ட இவர்களுக்கு ஆவணம்தான் உயிர்நாடி.

அந்த ஆவணங்கள் இன்று பீரோவை விட்டுக் கணிப்பொறிக்குள் குடியேறி வருகின்றன. இக்குடியேற்றம் எவ்வாறு நடைபெறுகிறது, இதனால் விளையும் நன்மை யாது, எச்சரிக்கை எங்கே தேவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குமாஸ்தாவின் நினைவாற்றல்

பழைய வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கட்டு உண்டு. கட்டின் மேலட்டையில் வழக்கு எண், ஆண்டு, கட்சிக்காரரின் பெயர், வாய்தா தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். எந்தக் கட்டு எந்தப் பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பது குமாஸ்தாவுக்கு மனப்பாடம். ஆனால் அவர் ஒரு வாரம் விடுப்பில் சென்றால் அலுவலகமே திகைத்து நிற்கும். மழை நீரும் கரையானும் புகுந்தால் கட்டுகளின் கதி என்னவாகும்? சொல்லவும் வேண்டுமோ!

எனினும் பழைய முறையை நாம் இகழ்ந்துவிடக் கூடாது. பள்ளிகளில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு, வரிசை எண், பெயர், பிறந்த தேதி என்று ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேட்டில், பல ஆண்டுகளுக்கு முன் படித்தவரின் விவரத்தையும் சில நிமிடங்களில் கண்டுபிடித்து விடலாம். அங்கே கணிப்பொறி இல்லை, ஒழுங்கு இருக்கிறது. ஆகவே ஆவணங்களைக் காப்பதில் முதலாவது ஒழுங்கு, இரண்டாவதே இயந்திரம் என்பது தெளிவாகிறது.

படம் எடுத்தால் போதுமா?

காகிதத்தை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம். அதில் ‘தாய்ப்பத்திரம்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கணிப்பொறியிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. எழுத்துணரி என்னும் மென்பொருள் அப்படத்தில் உள்ள எழுத்துகளைப் படித்துச் சொற்களாக மாற்ற வேண்டும். அதன் பிறகே தேட முடியும்.

அடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு விவரச்சீட்டு வேண்டும். யாருடையது, எந்த வழக்கு, என்ன ஆவணம், எந்த நாள், யார் பார்க்கலாம் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அஃதில்லாத கோப்பு கடலில் கரைத்த பெருங்காயமே!

மூன்றாவதாக, திருத்தங்களுக்குக் கணக்கு வேண்டும். ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பலமுறை திருத்தப்படும். ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘கடைசி இறுதி’ என்று மூன்று கோப்புகள் இருந்தால் எது உண்மையான இறுதி? நல்ல ஆவண மேலாண்மை மென்பொருள், யார், எந்த நாளில், எதைத் திருத்தினார் என்பதைத் தானே குறித்து வைக்கும்.

இவ்விதிகளை வகுக்கும்போது முதலில் கலந்து பேச வேண்டியவர் யார்? அந்தக் குமாஸ்தாவே! எந்தப் பெயரைச் சொல்லிக் கட்சிக்காரர் கட்டைக் கேட்பார், எந்தக் காகிதம் அடிக்கடி தேவைப்படும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவருடைய அறிவைக் கணிப்பொறிக்குள் கொண்டுவராமல் காகிதத்தை மட்டும் கொண்டுவருவது, உமியைச் சேர்த்துக்கொண்டு அரிசியைக் கொட்டிவிடுவது போலாகும்.

சட்டம் திறந்த வழி

நம் நாட்டில் இம்மாற்றத்துக்கு அடித்தளம் இட்டது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் அது சட்ட மதிப்பு அளித்தது. 2006ஆம் ஆண்டில் எம்.சி.ஏ.21 என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் கம்பெனிகள் அரசுக்குச் செலுத்த வேண்டிய படிவங்கள் கணிப்பொறி வழியே செல்லலாயின. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய மின் நீதிமன்றத் திட்டம் நீதிமன்றங்களையும் இப்பாதைக்குக் கொண்டுவந்தது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவை நிறுத்தி வைக்கவும் முடியாதிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அழித்து எழுதினாலும் தடம் இருக்கும் என்பது இதன் பொருள்.

அதற்காகக் காகிதம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உயில் போன்ற சில ஆவணங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் விலக்கி வைத்துள்ளது. எனவே ஸ்கேன் செய்து விட்டோமே என்று மூல உயிலை எறிந்துவிடலாகாது.

உலகம் கற்ற நான்கு பாடங்கள்

முதற்பாடம் உண்மை. நகல் எடுப்பதையே நாம் ‘ஜெராக்ஸ்’ என்கிறோம் அல்லவா? அப்பெயருக்குரிய நிறுவனத்தின் சில ஸ்கேன் இயந்திரங்கள், காகிதத்தில் உள்ள எண்களையே மாற்றிவிடுகின்றன என்பதை 2013ஆம் ஆண்டில் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணிப்பொறி அறிஞர் வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறையின் பரப்பு, நகலில் 14.13 என்று வந்தது! கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் பகுதிகளுக்கு ஒரே படத்தை இயந்திரம் பயன்படுத்தியதே காரணம். அந்நிறுவனம் பின்னர்த் திருத்த மென்பொருள் வெளியிட்டது. நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது பாடம் உரிய காலம் வரை காத்தல். அமெரிக்காவில் என்ரான் என்னும் பெருநிறுவனம் 2001 டிசம்பரில் நொடித்துப் போனது. அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில் அதற்கு முந்தைய வாரங்களில் ஏராளமான என்ரான் ஆவணங்கள் கிழிக்கப்பட்டன. கணிப்பொறிக் கோப்புகளும் அழிக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் அதற்குள் சுமார் 85,000 பேர் பணியாற்றிய அந்நிறுவனம் சிதைந்துவிட்டது. எதை எத்தனை ஆண்டு வைப்பது, எப்போது அழிப்பது என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும். விசாரணை வரும் எனத் தெரிந்தால் அழிப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது பாடம் இரகசியம். பனாமா நாட்டில் இருந்த மொசாக் பொன்சேகா என்னும் சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் பற்றிய செய்திகள் 2016 ஏப்ரலில் வெளியாயின. செல்வந்தர் பலர் சொத்தை மறைத்த வழிகள் அம்பலமானது உலகுக்கு நன்மையே. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பல ஆண்டுக் காகிதங்கள் அனைத்தும் எளிதில் வெளியே போகக்கூடும் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டியது. இத்தனை ஆவணங்களைக் காகிதமாக எடுத்துச் செல்ல எத்தனை லாரிகள் வேண்டியிருக்கும்!

நான்காவது பாடம் மாற்று ஏற்பாடு. 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்னும் தீய மென்பொருள், உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியே உலகெங்கும் பரவியது. டி.எல்.ஏ. பைப்பர் என்னும் மாபெரும் சட்ட நிறுவனத்தின் தொலைபேசியும் மின்னஞ்சலும் செயலற்றுப் போயின. கணிப்பொறியோடு தொடர்பில்லாத தனி இடத்தில் ஒரு நகல் வைப்பது வீண்செலவன்று. அதுவே அடைமழைக்குக் குடை.

கோப்புக்கும் கைரேகை

மின்னணு ஆவணம் மாற்றப்படவில்லை என்று எவ்வாறு நிரூபிப்பது? ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஹாஷ்’ என்னும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடலாம். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். இது மனிதருக்குக் கைரேகை போன்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தரும்போது இணைக்கும் சான்றிதழில் இவ்வெண்ணையும் குறிப்பிட வேண்டும்.

நம்பிக்கையே மூலதனம்

இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு கட்டினுள் இருப்பது என்ன என்று எண்ணிப் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு தாயின் வீட்டுப் பத்திரம் இருக்கலாம். அண்ணன் தம்பியின் மனத்தாங்கல் இருக்கலாம். ஒரு சிறு வியாபாரியின் கடன் கணக்கு இருக்கலாம். உறவினரிடமும் சொல்லாததை அவர்கள் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்சிக்காரர் தம் தொழில் தொடர்பாகச் சொன்னதை அவருடைய அனுமதியின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்தது. புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. ஆவணம் அலுவலகத்தில் இருந்தாலும் அதன் உரிமை நம்பிக் கொடுத்தவருக்கே உரியது.

பீரோவுக்குச் சாவி இருந்தது போலக் கணிப்பொறிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. ஆனால் சாவியைக் கண்டவரிடம் கொடுக்காமல் இருப்பதும், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் திரையில் ஒட்டாமல் இருப்பதும் மனிதரின் கையில்தான் இருக்கின்றன. இயந்திரம் விரைவைத் தரும். பொறுப்புணர்ச்சியை நாம்தான் தர வேண்டும்.

நம்மில் சிலர் நாளை வழக்கறிஞராகலாம், சிலர் தணிக்கையாளராகலாம், சிலர் அவர்களது அலுவலகங்களில் பணியாற்றலாம். அப்போது நம் மேசைமேல் காகிதக் கட்டு இருக்காது. ஒரு திரைதான் இருக்கும். அத்திரையில் தெரிவது வெறும் கோப்பன்று, ஒரு குடும்பத்தின் வாழ்வு என்பதை நினைவிற்கொள்வோமாக. தேடினால் கிடைக்கும்படியும், திருத்தினால் தெரியும்படியும், பிறர் கையில் சிக்காதபடியும் அதைக் காப்போமாக.