ஸ்டியரிங் பாரமானால் சும்மா விடாதீங்க

தெல்தோட்டை, கலஹா பக்கத் தோட்டங்களிலிருந்து ராத்திரி நேரம் பிள்ளைத்தாய்ச்சியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, பல சமயம் கிடைப்பது ஒரு பழைய வேன்தான். அதில் பவர் ஸ்டியரிங் ஒயில் ஒழுகினால் டிரைவருக்கு மட்டுமல்ல, ஏறுகிற எல்லோருக்கும் ஆபத்து.

என்ஜினால் சுழலும் பம்ப் ஒயிலை அழுத்தி அனுப்புவதால்தான் ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது. ஒயில் குறைந்தால் திருப்பும்போது முனகல் கேட்கும், ஸ்டியரிங் பாரமாகும். வண்டி திரும்பாமல் போகாது. ஆனால் வளைவில் முழுப் பலமும் போட்டு இழுக்க வேண்டி வரும். அங்கேதான் கை தவறும்.

காலையில் வண்டி நின்ற இடத்தைப் பாருங்க. முன்பக்கம் சிவப்பாகச் சொட்டியிருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியருக்கு ஊற்றும் ஒயில் (ATF) வகையே. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங்குக்கும் அதுதான். ஹோஸ்களைத் துணியால் துடைத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். ஈரமாகும் இடமே ஒழுகும் இடம். கை வைத்துத் தடவாதீங்க.

கிளிப் தளர்ந்திருந்தால் என்ஜினை நிறுத்தி இறுக்கலாம். ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அந்த அழுத்தத்துக்கு டேப் நிற்காது. பிரேக் ஒயில் ஊற்றவே கூடாது, ரப்பர் சீல் கெட்டுவிடும். ஒயில் இல்லாமல் ஓட்டினால் பம்பும் போய்விடும். ஹோஸை விட அதற்குச் செலவு அதிகம். சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் தீயும் பிடிக்கலாம்.

ஏறுமுன் "ஒயில் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேளுங்க. கேட்பதில் வெட்கமில்லை.