காணாமல் போன மீன் எங்கே?

காலையில் இரை போடும்போது எண்ணிப் பார்க்கிறீர்கள். நேற்று பன்னிரண்டு நியோன் டெட்ரா இருந்தன, இன்று பத்துதான். "பெரிய மீன் தின்னிருக்கும்" என்கிறார் அப்பா. "செத்துக் கரைஞ்சிருக்கும்" என்கிறார் பாட்டி. பிள்ளையின் முகம் வாடுகிறது. முடிவு கட்டுவதற்கு முன் ஓரிடத்தைப் பாருங்கள்: தொட்டியின் மூலையில் இருக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி.

தெமியாங் பக்கம் தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. லோங்காங்கில் கப்பி பிடித்துப் போத்தலில் வளர்த்தவர்கள்தாம். போத்தலில் நீரோட்டம் கிடையாது. இன்றோ வரவேற்பறையில் நான்கடித் தொட்டி. கீழே அலமாரிக்குள் சம்ப். நீரை மேலே ஏற்ற பம்ப்.

பெட்டியின் மேல் விளிம்பில் சீப்புப் பற்கள்போல் இடைவெளிகள் இருக்கும். தொட்டியின் மேற்பரப்பு நீர், எண்ணெய்ப் படலத்தையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு அதன் வழியே விழுந்து, குழாய் மூலம் சம்புக்குப் போகும். மிதக்கும் இரையைத் துரத்தும் மீன், விளக்கு சட்டென்று அணைந்ததும் மிரண்டு துள்ளும் மீன், புழுப்போல் நெளியும் குலி லோச், குஞ்சுகள் எல்லாம் இதே வழியில் போய்விடும்.

மீனைத் தோற்கடிப்பது ஓட்டை மட்டுமல்ல, நீரின் வேகமும்தான். கல்பாக்கம் அணுமின் நிலையம்போல் கடல்நீரை இழுக்கும் இடங்களிலும் மீன்களும் சொறிமீன்களும் சல்லடையில் சிக்குவதுண்டு. இப்படி நீரெடுக்கும் பெரிய ஆலைகளுக்கு அமெரிக்கா 2014இல் வகுத்த விதியில், சல்லடை வழியே நுழையும் நீரின் வேகம் நொடிக்கு அரை அடியைத் தாண்டாமல் வைப்பது ஏற்கப்பட்ட வழிகளில் ஒன்று. அதாவது சுமார் 15 சென்டிமீட்டர். அந்த வேகத்தை எதிர்த்துப் பெரும்பாலான மீன்கள் நீந்தித் தப்பிவிடும்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். நீர் நுழையும் பரப்பை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகும். பிளாஸ்டிக் வலையைப் பற்களோடு ஒட்டிக் கட்டாதீர்கள். இருக்கும் இடைவெளியும் குறைந்து நீர் இன்னும் வேகமாக இழுக்கும். சற்று முன்னால் வளைத்து, அகலமாக நிறுத்துங்கள். பெட்டியின் மேலே மூடி போடுங்கள். வாரம் ஒருமுறை வலையைக் கழுவுங்கள். பாசி அடைத்தால் தொட்டி நிரம்பி நீர் தரைக்கு வந்துவிடும். அவசரக் குழாய் இருந்தால் அதன் வாயை எதனாலும் மூடக்கூடாது. ஒலியை நம்பிப் பிழைக்கும் எனக்குத் தெரிந்த எளிய சோதனை ஒன்று உண்டு: நீர் விழும் சத்தம் திடீரென மாறினால் எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

மீன் ஏற்கனவே உள்ளே விழுந்துவிட்டதா? பதறவேண்டாம். விழும் நீரில் காற்று கலந்திருப்பதால் சில நாள்கூட உயிரோடு இருக்கும். முதலில் பம்ப், ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றுங்கள். பெட்டியில் நீர் குழாயின் வாய் வரை இறங்கி நிற்கும். சம்பில் நீர் ஏறும், அதையும் கவனியுங்கள். குறுகலான பெட்டிக்குள் வலையை ஆட்டினால் மீன் குழாயில் மோதி செதில் உதிரும். ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தலின் தலைப்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றித் தலைகீழாகச் செருகுங்கள். பக்கங்களில் ஊசித் துளைகள் போட்டு, உள்ளே கொஞ்சம் இரை வைத்து, நூல் கட்டி இறக்குங்கள். பசித்த மீன் தானாக நுழையும்; திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். குஞ்சுகளை அகலமான குழாயால் மெதுவாக வாளிக்குள் இறக்கலாம்.

திரும்ப விட்டபின் விளக்கை அணைத்து ஓய்வு கொடுங்கள். துடுப்பு கிழிந்திருக்கிறதா, வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று சில நாள் பாருங்கள்.

இனி இரை போடும் பத்து நிமிடம் பம்பை நிறுத்துங்கள். இரவில் அறை விளக்கு எரியும்போதே தொட்டி விளக்கை அணையுங்கள். மீன்களை எண்ணும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். ஒன்று குறைந்தால் எங்கே தேடவேண்டும் என்று இனி அதற்கே தெரியும்.